இலையைப் புரட்டிப் பாருங்கள், பிறகு மருந்தடியுங்கள்: மதுரைப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குத் தாவரச் சாறு வழிகாட்டி

செடியில் பூச்சி விழுந்துவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம் என்றுதான் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: இலையைப் புரட்டிப் பார்த்தீர்களா? பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். மேலே இருந்து பார்த்தால் இலை வெளிறியிருக்கிறது, ஓட்டை விழுந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். யார் செய்தது என்பது இலையின் அடிப்பக்கத்தில் எழுதியிருக்கிறது.

வேம்பு, நொச்சி, ஆடாதொடை, பூண்டு போன்றவற்றின் சாறுகளை வைத்து இருபது தொட்டிகளையும், மேலூர் பக்கம் இருக்கும் பத்து சென்ட் நிலத்தையும் பல வருடங்களாகக் காப்பாற்றி வருகிறேன். இவை நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் கடையில் வாங்கும் ரசாயன மருந்து வேலை செய்யும் விதம் வேறு, இவை வேலை செய்யும் விதம் வேறு. அந்த வேறுபாடு தெரியாமல் இறங்குகிறவர்கள் இரண்டு வாரத்தில் மனம் சலித்து விட்டுவிடுகிறார்கள். தாவரச் சாறு பெரும்பாலும் பூச்சியை அடித்துக் கொல்வதில்லை. இலையைக் கசப்பாக்குகிறது, பூச்சியின் பசியைக் கெடுக்கிறது, புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது. ஆகவே பூச்சி கொஞ்சமாக இருக்கும்போதே தொடங்க வேண்டும், திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும், பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.

முதல் வேலை: காலை நேரத்தில் ஐந்து நிமிடம்

காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், ஒவ்வொரு செடியிலும் மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என மூன்று இலைகளைப் புரட்டுங்கள். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

கொழுந்தின் அடியில் பச்சையாகவோ கறுப்பாகவோ கடுகைவிடச் சிறிதாக ஒட்டிக்கொண்டு கூட்டமாக இருப்பது அசுவினி. செடியைத் தட்டினால் வெள்ளைத் தூசி போலப் பறந்து மறுபடி வந்து உட்கார்வது வெள்ளை ஈ. பஞ்சு ஒட்டியது போல இருப்பது மாவுப்பூச்சி. வெண்டை இலையின் ஓரம் மஞ்சளாகிக் கிண்ணம் போல மேலே மடங்கினால், அடியில் குறுக்காக நடக்கும் பச்சைத் தத்துப்பூச்சியைத் தேடுங்கள். மாசி, பங்குனியில் இலை முழுவதும் ஊசியால் குத்தியது போல வெளிறி, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது சிவப்புச் சிலந்தி. வீட்டுச் சுவரில் வலை கட்டும் சிலந்தி இல்லை, இலைச் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய உயிர்.

மிளகாய்ச் செடியில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். இலை மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் சிலந்தி. இரண்டையும் சுருட்டை என்று ஒரே பெயரில்தான் சொல்கிறோம், ஆனால் காரணம் வேறு.

நண்பர்களையும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். பளபளப்பான சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளிகள் உள்ள பொறிவண்டு அசுவினியைத் தின்னும். அதன் குட்டிப்புழு சின்ன முதலை போல, கறுப்பும் ஆரஞ்சுமாக, பார்க்கவே பயமாக இருக்கும். தெரியாமல் அதை நசுக்கிவிடுகிறவர்கள் ஏராளம். ஆனால் கத்தரிச் செடியில் ஏறக்குறைய அதே உருவத்தில் இன்னொரு வண்டு வரும். அது பளபளக்காது, மேலே மெல்லிய ரோமம் படர்ந்து மங்கலாக இருக்கும், முதுகில் 28 புள்ளிகள் வரை இருக்கும். இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் சல்லடை போல விட்டுவைக்கும். மினுமினுப்பானது நண்பன், மங்கலானது எதிரி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் சில மட்டும் உப்பிப்போய்ப் பழுப்பு நிறத்தில் அசையாமல் கிடந்தால், ஒட்டுண்ணிக் குளவி ஏற்கெனவே அவற்றுக்குள் முட்டையிட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தச் செடிக்கு அன்று எதையும் தெளிக்காதீர்கள், நான்கு நாள் விட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வேலை: தண்ணீர்

மருந்து இல்லாமலே பாதி வேலை முடியும். அசுவினி, மாவுப்பூச்சி, சிவப்புச் சிலந்தி மூன்றும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே உதிரும். இலைக்கு அடியில் படும்படி, காலை நேரத்தில், இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை செய்யுங்கள். எறும்பு சாரை சாரையாகச் செடியில் ஏறினால் அதையும் தடுக்க வேண்டும். அசுவினியும் மாவுப்பூச்சியும் விடும் இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். இதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை என்றால் சாறு தயாரிக்கலாம்.

வேப்பங்கொட்டைச் சாறு

ஒன்றே ஒன்றுதான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். வேப்பிலையை அரைத்துத் தெளிப்பதைவிடக் கொட்டைப் பருப்புக்குப் பல மடங்கு வீரியம் உண்டு. வேம்பின் முக்கியச் சத்தான அசாடிராக்டின் பருப்பில்தான் செறிந்திருக்கிறது. 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் சுற்றியிருந்த பசுமையை எல்லாம் மொட்டையடித்தபோது வேப்பமரங்கள் மட்டும் தப்பி நின்றதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் கவனித்தார். வேம்பைப் பற்றிய அறிவியல் ஆய்வுகள் அதன் பிறகுதான் வேகம் பிடித்தன. வேப்பிலையைக் குதிருக்குள் போட்டு நெல்லைக் காப்பாற்றிய எங்கள் அப்பத்தாவுக்கு அந்தக் கசப்பின் பெயர் தெரியாது, பயன் தெரியும்.

ஆனியிலும் ஆடியிலும் மதுரையைச் சுற்றி எந்தக் கண்மாய்க் கரையிலும் வேப்பம்பழம் உதிர்ந்து கிடக்கும். மஞ்சளாகப் பழுத்து விழுந்ததை அன்றன்றே பொறுக்குங்கள். மண்ணில் ஈரத்தோடு கிடந்து பூசணம் பிடித்த கொட்டை பயன்படாது. சதையைக் கழுவி நீக்கி, நிழலில் உலர்த்தி, சணல் சாக்கில் அல்லது பானையில் காற்றோட்டமாக வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் புழுங்கிக் கெட்டுப்போகும். மூன்று மாதம் ஆன கொட்டையைப் பயன்படுத்துவது நல்லது, எட்டு மாதத்துக்கு மேல் போனால் வீரியம் குறையும். கணக்குப் பார்த்தால் இயற்கை ஒரு வசதி செய்து கொடுத்திருப்பது தெரியும்: ஆடியில் எடுத்த கொட்டை ஐப்பசியில் தயாராகி பங்குனி வரை கைகொடுக்கிறது. மழை விட்டுப் பூச்சி பெருகும் மாதங்களும் அதற்குள்தான் வருகின்றன. பொறுக்க வழி இல்லாதவர்கள் நாட்டு மருந்துக் கடையில் வேப்பமுத்து என்று கேட்டு வாங்கலாம். வாங்கும்போது நாலைந்தை உடைத்துப் பாருங்கள். பருப்பு பச்சை கலந்த பழுப்பில் எண்ணெய்ப் பசையோடு இருக்க வேண்டும், கறுத்திருந்தால் வேண்டாம்.

அளவு எளிது. ஒரு லிட்டர் தெளிப்பு நீருக்கு 50 கிராம் பருப்பு, அதாவது 5 சதவீதம். ஐந்து லிட்டருக்கு 250 கிராம். ஏக்கர் கணக்கில் செய்கிறவர்களுக்கு 200 லிட்டருக்கு 10 கிலோ. மேல் ஓடு நீக்கிய பருப்பின் எடை இது. ஓட்டோடு இடிப்பதானால் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடுக்க வேண்டும்.

பருப்பை உரலில் இடியுங்கள். மிக்ஸியில் அரைத்தால் சூடேறி எண்ணெய் கக்கி உருண்டையாகிவிடும், அத்தோடு அந்த ஜாடியை மறுபடி சமையலுக்கு எடுக்க முடியாது. ரவை பதத்துக்கு வந்தால் போதும். இடித்ததைப் பழைய பருத்தி வேட்டித் துணியில் தளர்வாக முடிந்து, அரை வாளித் தண்ணீரில் மாலையில் போட்டு வையுங்கள். இரவு முழுவதும் ஊறட்டும். மறுநாள் முடிச்சை வாளிக்குள்ளேயே பிழியுங்கள். முதல் பிழிவில் பால் போல வெள்ளையாக வரும், வீடெங்கும் அந்தக் கசந்த நெடி பரவும். மறுபடி முக்கிப் பிழியுங்கள். ஏழெட்டு முறை பிழிந்தபின் வரும் நீர் வெளிறி, லேசான பழுப்புக்கு மாறும், அதுதான் நிறுத்தும் இடம். சக்கையை எறியாதீர்கள், செடியின் தூரில் போட்டு மண்ணைக் கிளறிவிடுங்கள்.

பிழிந்த சாற்றை இரட்டைத் துணியில் வடிகட்டி, தேவையான அளவுக்குத் தண்ணீர் சேருங்கள். சரியாக வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொண்டே இருக்கும். பிறகு சோப்பு. இது பூச்சிக்காக இல்லை, சாறு இலையில் ஒட்டுவதற்காக. ஐந்து லிட்டருக்குப் பத்து கிராம் காதி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்துக் கலந்தால் போதும்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பிரச்சினை ஒன்று குறுக்கே வரும். மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காமல் தயிர் போலத் திரியும். அதோடு காரத்தன்மை கூடிய நீரில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும். மழைநீரோ குழாயில் வரும் நல்ல தண்ணீரோ பிடித்து வைத்துச் சாறு செய்யுங்கள். ஒரு குடம் நல்ல தண்ணீர்தான் இந்த வேலையில் பாதி வெற்றி. சோப்புக்குப் பதிலாகப் பூந்திக்கொட்டையை ஊறவைத்த நீரும் சேர்க்கலாம், அது உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும்.

செய்த சாற்றை அன்று மாலையே தெளித்து முடியுங்கள். அடுத்த வாரத்துக்கு என்று பாட்டிலில் எடுத்து வைப்பதில் பயனில்லை.

வேப்பெண்ணெய்

பருப்பு கிடைக்காத மாதங்களில் எண்ணெய். வீட்டுத் தோட்டத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி போதும். முதலில் எண்ணெயையும் சோப்புக் கரைசலையும் ஒரு சிறு பாட்டிலில் ஊற்றிப் பால் போல ஆகும்வரை குலுக்குங்கள், அதன்பிறகுதான் தண்ணீர். நேரே தண்ணீரில் எண்ணெயை ஊற்றினால் அது மேலே மிதக்கும். கலந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய் வளையம் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சோப்பு சேர்த்துக் குலுக்க வேண்டும். மார்கழிக் காலையில் எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கும், பாட்டிலை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் இளகும்.

முதல் வருடம் இந்தச் சோதனையைச் செய்யாமல், சித்திரை மாத முற்பகலில் பதினொரு மணிக்கு வேப்பெண்ணெய் தெளித்தேன். மறுநாள் கத்தரி இலைகளில் காகிதம் கருகியது போலப் பழுப்புத் திட்டுகள். கரையாத எண்ணெய்த் துளி உட்கார்ந்த இடங்கள் அவை. நல்ல பிஞ்சு பிடித்த ஆறு செடிகள் ஒரு மாதம் பின்தங்கின. அன்றிலிருந்து புதிய கலவை எதுவானாலும் ஒரு செடியில் மூன்று இலைகளில் மட்டும் தெளித்து, ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து பார்த்த பிறகே மற்றவற்றுக்குப் போகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பீர்க்கு, புடலை, வெள்ளரி போன்ற மென்மையான கொடிகளுக்கும் நாற்றுகளுக்கும் பாதி அளவில் தொடங்குங்கள்.

ஐந்திலைக் கரைசல்

எந்த இலைகளை எடுப்பது என்று பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். மூத்த விவசாயிகள் சொல்லும் விதி ஒன்று இருக்கிறது: ஆடு மாடு கடிக்காத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கும் இலை, கசக்கினால் நெடி அடிக்கும் இலை. நம் பக்கத்தில் வேலியிலேயே எல்லாம் கிடைக்கும். வேம்பும் ஆடாதொடையும் கசப்புக்கு. நொச்சி நெடிக்கு. எருக்கு பாலுக்கு. ஐந்தாவதாகப் புங்கன்.

ஒவ்வொன்றிலும் 200 கிராம் எடுத்து நறுக்கி இடித்து, ஒரு லிட்டர் பசுவின் கோமியமும் இலை மூழ்கும் அளவு தண்ணீரும் ஊற்றி, பிளாஸ்டிக் வாளியில் போட்டுத் துணியால் வாய்கட்டுங்கள். உலோகப் பாத்திரம் ஆகாது. நிழலில் வைத்து, காலையும் மாலையும் குச்சியால் கலக்குங்கள். ஏழிலிருந்து பத்து நாளில் இலை கூழாகி, நெடி மூக்கைத் துளைக்கும். வடிகட்டியதில் 50 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து முதல்முறை தெளியுங்கள். செடி தாங்கினால் 100 மில்லி வரை கூட்டலாம். அதற்கு மேல் போனால் கோமியத்தின் உப்பு இலை நுனியைக் கருக்கும். இந்தக் கரைசல் ஒரு மாதம் வரை இருக்கும். புழுக்களையும் இலை தின்னும் வண்டுகளையும் விரட்ட இது நல்லது.

எருக்கை ஒடிக்கும்போது மிகவும் கவனமாக இருங்கள். அந்தப் பால் கண்ணில் தெறித்தால் கருவிழியையே பாதிக்கும். கையுறை போடுங்கள், கண்ணாடி போடுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். சிலர் வீரியம் கூடும் என்று அரளியையும் ஊமத்தையையும் புகையிலையையும் சேர்க்கிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அவை வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. செடியில் விளைவதெல்லாம் பாதுகாப்பானது என்று நினைப்பது ஆபத்து. புகையிலையின் நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் விஷம். அதோடு புகையிலை வழியாகத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தேமல் என்னும் வைரஸ் நோய் வரலாம். நாம் சாப்பிடும் கீரையில் அரளிச் சாற்றைத் தெளிக்க எனக்கு மனம் வராது.

அவசரத்துக்கு இஞ்சி, பூண்டு, மிளகாய்

பூண்டு 100 கிராம், இஞ்சி 50, காரமான பச்சை மிளகாய் 50. அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, நன்றாக வடிகட்டி, பத்து லிட்டராக்கி, சோப்பு சேர்த்துத் தெளிக்கலாம். அசுவினிக்கும் சிறு புழுக்களுக்கும் கேட்கும். காற்றடிக்கும் திசைக்கு எதிராக நின்று தெளித்தால் அன்று முழுவதும் கண் எரியும்.

தெளிக்கும் நேரமும் கையும்

மாலை ஐந்தரைக்கு மேல்தான். இதற்கு மூன்று காரணங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் அசாடிராக்டினைச் சிதைக்கிறது. சூடான இலையில் எண்ணெயும் சோப்பும் கருகல் உண்டாக்கும். தேனீக்களில் பெரும்பாலானவை அந்த நேரத்தில் கூடு திரும்பியிருக்கும். பூத்திருக்கும் பூவின் மேல் நேராகத் தெளிக்காதீர்கள்.

தெளிப்பானின் மூக்கை மேல்நோக்கித் திருப்பி, செடியின் அடியிலிருந்து தொடங்குங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், சொட்டத் தொடங்கினால் நிறுத்திவிடலாம். மழை பெய்து கழுவிவிட்டால் மறுபடி தெளிக்க வேண்டும். பூச்சி இருக்கும்போது ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை, அதன்பின் பத்து நாளுக்கு ஒருமுறை.

கீரை பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பே வேப்பெண்ணெயை நிறுத்திவிடுங்கள், கழுவினாலும் கசப்பு போகாது. மல்லிகை வைத்திருப்பவர்கள் விடிகாலையில் மொட்டுப் பறித்து முடித்த நாளின் மாலையில் தெளியுங்கள், மறுநாள் பறிக்கவேண்டிய முதிர்ந்த மொட்டில் எண்ணெய் படாமல் கொடியின் கீழ்ப்பகுதிக்கும் தளிருக்கும் மட்டும் செலுத்துங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு மணம்தான் விலை. அதில் வேப்ப நெடி ஏறினால் மொத்தப் பூவும் வீண்.

எஞ்சிய எண்ணெயையும் கரைசலையும் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வேப்பெண்ணெய் குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் கடுமையான தீங்கு செய்யும். பெயர் எழுதி ஒட்டி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மூன்றாம் நாள் எதைப் பார்ப்பது

தெளித்த மறுநாள் போய்ப் பார்த்தால் புழு அதே இலையில் உயிரோடு உட்கார்ந்திருக்கும். இந்த இடத்தில்தான் பலர் நம்பிக்கை இழக்கிறார்கள். பூச்சியை எண்ணாதீர்கள், புதிய கடியை எண்ணுங்கள். தெளிக்கும் அன்றே இரண்டு மூன்று இலைகளின் காம்பில் சிவப்பு நூல் கட்டி, அவற்றில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மூன்றாம் நாள் அதே இலைகளைப் பாருங்கள். ஓட்டைகளின் ஓரம் காய்ந்து பழுப்பாகியிருந்தால், புதிதாகப் பச்சை விளிம்போடு ஓட்டை இல்லாவிட்டால், கீழ் இலையில் புதிய எச்சம் விழாவிட்டால், சாறு வேலை செய்கிறது. புழு இருக்கிறது, ஆனால் தின்பதை நிறுத்திவிட்டது. ஐந்தாம் ஆறாம் நாளில் பழைய தோலிலிருந்து பாதி மட்டும் வெளிவந்து அப்படியே செத்துக் கிடக்கும் புழுவைப் பார்க்கலாம். நான் முதன்முதலில் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்த அன்றுதான் இந்த வழியை முழுமையாக நம்பினேன்.

மூன்று தெளிப்புக்குப் பிறகும் புதிய கடி தொடர்ந்தால், பூச்சியை நீங்கள் தவறாக அடையாளம் கண்டிருக்கலாம். ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தபடி இருக்கும் வேளாண்மைக் கல்லூரிக்கு, பாதிக்கப்பட்ட இலையை ஈரம் காயாமல் பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டி விசாரியுங்கள்.

சாற்றால் ஆகாதவை

கத்தரியின் குருத்து தலை சாய்ந்து வாடினால், உள்ளே குருத்தையும் காயையும் துளைக்கும் புழு புகுந்துவிட்டது. தண்டுக்குள் இருக்கும் புழுவைச் சாறு தொடாது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, பிளந்து பார்த்துப் புழுவை அழியுங்கள். துளை விழுந்த காய்களையும் செடியில் விடாதீர்கள். அதன்பிறகு தெளிக்கும் வேப்பங்கொட்டைச் சாறு, மீதிக் குருத்துகளில் புதிதாகப் பொரியும் புழு துளைப்பதைக் குறைக்கும்.

வெண்டையில் இலை நரம்புகள் மட்டும் வலைபோல மஞ்சளாகப் பளிச்சிட்டால் அது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ கொண்டுவந்து கொடுக்கும் வைரஸ் நோய் அது, எந்தச் சாறும் குணப்படுத்தாது. அந்தச் செடியை அன்றே வேரோடு பிடுங்கிவிடுங்கள். பிடுங்கும் முன் ஒரு பையால் மூடிக்கொண்டால் அதில் உட்கார்ந்திருக்கும் வெள்ளை ஈக்கள் பறந்து பக்கத்துச் செடிக்குப் போகாது. செடியைப் பையோடு தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அப்புறப்படுத்திவிட்டு, மிச்சமிருக்கும் வெண்டைகளுக்கு அன்று மாலையே வேப்பங்கொட்டைச் சாற்றை இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். நடுவில் மஞ்சள் ஒட்டுப்பொறி, அதாவது பூச்சி ஒட்டிக்கொள்ளப் பசை தடவிய மஞ்சள் அட்டை ஒன்றைச் செடியின் உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். செடி வளர வளர அதையும் உயர்த்திக் கட்ட வேண்டும்.